பகலில் வீட்டில் யார் இருப்பீர்கள்?

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் காம்பவுண்டு கேட்டுக்குப் பின்னால் நின்று தபால்காரரைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்திய வெள்ளை நாயை எல்லோரும் ‘பொமரேனியன்’ என்றோம். அவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். அதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஜிம்மி என்று பேர் வைத்து மோர் சாதம் போட்டோம். அது பாட்டுக்கு வாசலில் கிடந்து பத்துப் பன்னிரண்டு வருடம் வாழ்ந்தது. 2003இல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போன பக் நாய் அந்த வெள்ளை நாயின் இடத்தைப் பிடித்தது. இப்போது ஷிட்சுவின் காலம். சென்னையில் புது அப்பார்ட்மென்ட் எதற்குள் நுழைந்தாலும், நெற்றி முடியை ரப்பர் பேண்டில் குடுமியாக முடிந்த ஒரு கோகோவோ லட்டுவோ லிஃப்ட்டில் நம் செருப்பை முகர்ந்து பார்க்கிறது.

குட்டி விற்பவர்கள் சொல்லும் வசனம் ஏறக்குறைய ஒன்றுதான். “ஃபிளாட்டுக்குன்னே பொறந்த நாய் சார். முடி கொட்டாது, ரொம்பக் குரைக்காது, வாக்கிங்கூட அவ்வளவு வேண்டாம். அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கும்.” கடைசி வாக்கியத்தைத் தவிர எதுவும் பொய் இல்லை. ஷிட்சு நான்கு முதல் ஏழு கிலோவுக்குள் அடங்கும். முடி கொட்டுவது குறைவு. ஸ்பிட்ஸைப் போல நாள் முழுக்கக் கத்துவதில்லை. காலையும் மாலையும் கொஞ்சம் நடந்தால் போதும். ஆனால், மூலையில் கிடக்கவே கிடக்காது. நீங்கள் சமையலறைக்குப் போனால் அங்கே வரும், குளியலறைக்குப் போனால் கதவடியில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்திருக்கும். விற்பவர் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி, பகலில் வீட்டில் யார் இருப்பீர்கள் என்பது. விலையைப் பேசி முடிப்பவர்கள் இரு தரப்பிலும் அதைப் பேசுவதில்லை.

இந்த நாய் உருவான கதையைப் பார்த்தால் அந்தக் கேள்வியின் கனம் தெரியும். ராஜபாளையம் காவலுக்கு, சிப்பிப்பாறை வேட்டைக்கு. அவற்றுக்கும் எஜமானர் மேல் உயிர்தான், ஆனால் பார்க்க வேறு வேலையும் உண்டு. ஷிட்சுவுக்கு அப்படி எதுவும் கிடையாது. திபெத்திய வழிவந்த சிறு நாய்களைச் சீன அரண்மனைக்குள் தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து, மனிதர் மடியில் இருப்பதையே வேலையாகக் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். 1908இல் இறந்த பேரரசி சிஷியின் அரண்மனையில் இவற்றைக் கவனிக்கவே பணியாளர்கள் இருந்தார்கள். 1930இல் ஒரு ஜோடி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. 1949 புரட்சிக்குப் பிறகு சீனாவில் இந்த இனம் ஏறக்குறைய இல்லாமலே போனது. இன்று உலகம் முழுவதும் இருக்கும் ஷிட்சுக்களின் வம்சாவளி வெறும் 14 நாய்களில் போய் முடிகிறது என்கிறார்கள். அரண்மனையில் கூடவே ஆள் இருந்தார்கள். போரூரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில், கணவனும் மனைவியும் எட்டரைக்குக் கிளம்பி ஏழரைக்குத் திரும்பினால் பதினோரு மணி நேரம் யாருமே இல்லை.

அந்தப் பதினோரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பது எதிர்வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். ஷூ அலமாரி திறக்கும் சத்தத்திலேயே நாய்க்கு விஷயம் புரிந்துவிடுகிறது. சாவிக்கொத்து குலுங்கினால் உறுதி. லிஃப்ட் இறங்கியதும் மெல்லிய அழுகை, பிறகு கதவைப் பிறாண்டும் ஓசை. அத்தகைய கதவு ஒன்றை உள்பக்கமிருந்து பார்த்திருக்கிறேன்: தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை பாலிஷ் உரிந்து, வெறும் மரம் வெளுத்துக் கிடந்தது. அந்த வீட்டுப் பெண் அலுவலகத்தில் இருந்தபடி செல்போனில் கேமராவைப் பார்ப்பாராம். “செல்லம், அம்மா இதோ வந்துடறேன்டா” என்று அதன் வழியாகப் பேசினால், நாய் எழுந்து டிவிக்குப் பின்னாலும் சோபாவுக்கு அடியிலும் அவரைத் தேடுமாம். பேசுவதை நிறுத்திவிட்டார்.

திரும்பி வரும்போது மெத்தையில் சிறுநீர் கழித்திருந்தால், ‘விட்டுட்டுப் போனதுக்குப் பழிவாங்குது’ என்று அடிப்பவர்கள் உண்டு. நாய்க்குப் பழிவாங்கத் தெரியாது. தனித்து விடப்பட்ட பதற்றத்தில் அதற்கு அடக்க முடியவில்லை. உங்கள் வாசனை மிகுதியாக இருக்கும் இடமான படுக்கையில் போய்ப் படுத்திருக்கிறது, அங்கேயே போய்விட்டது. கால்நடை மருத்துவம் இதைப் பிரிவுப் பதற்றம் என்றே ஒரு கோளாறாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 2015இல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நாயும் அதை வளர்ப்பவரும் நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டால் இரு தரப்பிலும் ஆக்சிடோசின் சுரப்பு கூடுகிறது. தாய்க்கும் சேய்க்கும் இடையே நடப்பதும் இதே ரசாயனம்தான். எல்லா நாய்க்கும் பொதுவான இந்தப் பிணைப்பை மட்டுமே பிழைப்பாகக் கொண்ட இனத்தை வாங்கிவந்து, பூட்டிவிட்டுப் போகிறோம்.

பழக்க முடியாதா என்றால், முடியும். ஆனால் பழக்குவதற்கே ஆள் வீட்டில் இருக்க வேண்டும். சாவியை எடுத்துக் குலுக்கிவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார வேண்டும். நாலைந்து நாளில் சாவி சத்தம் அதற்கு ஒரு பொருட்டாக இருக்காது. வெளியே போய் இரண்டு நிமிடத்தில் திரும்பி, பிறகு ஐந்து, பிறகு கால் மணி, அரை மணி என்று நீட்ட வேண்டும். போகும்போது கொஞ்சி விடைபெறுவதும், வந்ததும் தூக்கிச் சுற்றுவதும் கூடாது. நம் ஆர்ப்பாட்டம்தான் அதற்குப் பிரிவைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. இப்படிப் பழகிய வளர்ந்த நாய் நான்கைந்து மணி நேரம் தாங்கும். குட்டிக்கு அதுவும் முடியாது. மூன்று மாதக் குட்டியால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க இயலாது. அதுவரை பால்கனியில் பழைய செய்தித்தாள்தான் கதி. (இந்தப் பக்கமும் நாளை அந்தச் சேவைக்குப் போகலாம், ஆட்சேபம் இல்லை.)

2020 பொதுமுடக்கம் இந்தக் கணக்கை மொத்தமாகக் குழப்பிவிட்டது. ஓஎம்ஆர் நிறுவனங்கள் எல்லாம் வீட்டிலிருந்தே வேலை என்றபோது, வீடு நிறைய ஆள் இருக்கும் காலத்தில் குட்டிகள் வந்து சேர்ந்தன. ஒரு வருடத்துக்கு மேல் இருபத்து நான்கு மணி நேரமும் மனிதர் வாசனையிலேயே வளர்ந்த நாய்க்கு, அலுவலகம் திறந்த திங்கள்கிழமை என்ன புரிந்திருக்கும்? அந்தக் குட்டிகளில் பல கைமாறின. ‘வேலைப்பளு காரணமாக, நல்ல குடும்பத்துக்குக் கொடுக்கப்படும்’ என்ற அறிவிப்போடு வாட்ஸ்அப் குழுக்களில் அவற்றின் படங்கள் சுற்றின.

கணக்கு நேராகிற வீடுகளும் உண்டு. அங்கே பெரும்பாலும் ஒரு பாட்டி இருப்பார். நாய் வந்த அன்று, “எனக்கெதுக்குடா இந்த வயசுல இந்த வேலை” என்று சொன்ன அதே பாட்டி, ஒரே மாதத்தில் சீரியல் பார்க்கும்போது காலடியில் அது இல்லையென்றால், “லட்டு எங்கடி, சத்தத்தையே காணோம்?” என்பார். இதை எல்லோரும் ரசித்துச் சொல்கிறோம், ரீல்ஸ் எடுத்துப் போடுகிறோம். எனக்கு இதில் ஒரு வருத்தம் இருக்கிறது. நாயை விரும்பியவர் மகன், தேர்ந்தெடுத்தவள் பேத்தி, பணம் போட்டவர் மருமகள். பகல் முழுக்க அதோடு இருக்க வேண்டியவரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. எழுபது வயதில் முழங்கால் வலியோடு நடப்பவரின் காலுக்கிடையே ஐந்து கிலோ நாய் புகுந்து ஓடுவது வேடிக்கை அல்ல. ஒரு இடுப்பெலும்பு முறிவுக்கு அது போதும்.

வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் நிலைமை இன்னும் மோசம். பால்கனியை அலம்புவதும், சோபாவில் ஒட்டிய முடியை எடுப்பதும், மதியம் கஞ்சி வைப்பதும் எப்போது தன் வேலைப் பட்டியலில் சேர்ந்தன என்று அவருக்கே தெரியாது. சம்பளத்தில் அது சேர்ந்திருக்காது. நாய் என்றால் அவருக்குப் பயமா என்றுகூட யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். பல்லுப் பட்டுவிட்டால், “சின்ன நாய்தானே அக்கா, ஒண்ணும் ஆகாது” என்று சமாதானம் சொல்வார்கள். ரேபிஸ் நாயின் உயரம் பார்த்து வருவதில்லை. வாசலைத் தாண்டாத மடி நாய்க்கும் மூன்று மாதத்தில் ரேபிஸ் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும் கெடுவில் மறு ஊசியும் போட வேண்டும். பல் பட்ட மனிதர் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவிக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பாட்டிகளின் அன்புக்கு பிஸ்கட் என்று இன்னொரு பெயர் உண்டு. ஐந்து கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 300 முதல் 350 கலோரி. க்ரீம் பிஸ்கட் ஒன்றில் கிட்டத்தட்ட 50 கலோரி. டீ நேரத்தில் ஆளுக்கொன்று கொடுத்தால் நாலு பேர் வீட்டில் அதன் பாதிச் சாப்பாடு முடிந்தது. அது கெஞ்சிப் பார்க்கும் பார்வையில் இரண்டு பாக்கெட்கூடத் தீரும், அது வேறு விஷயம். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்; ஆகவே சாம்பார் சாதமும் சிக்கன் குழம்பும் வேண்டாம். பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. சாக்லெட் ஆகாது என்று பலருக்குத் தெரிந்திருக்கிறது. சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் உள்ள சைலிட்டால் அதைவிட ஆபத்தானது என்பது தெரிவதில்லை. பெரிய நாய் தப்பிக்கும் அளவு இந்தச் சிறு உடம்பை மருத்துவமனையில் சேர்த்துவிடும்.

வெயில் தனிக் கதை. நாய் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டை வெளியேற்றும். நீண்ட மூக்குள்ள நாய்க்கு அந்த வழி அகலம். ஷிட்சுவுக்கும் பக்குக்கும் நாம் அழகென்று நினைத்து மூக்கை அழுத்திச் சப்பையாக்கிவிட்டோம். சென்னைக் காற்றில் ஈரம் வேறு மிகுதி என்பதால் நாக்கிலிருந்து ஆவியாவதும் மந்தம். மே மாதத்தில் காலை ஒன்பது மணிக்கு அதை நடக்க அழைத்துப் போகிறவர்களைப் பார்க்கும்போது பதறுகிறது. புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்தாறு நொடி வைத்துப் பாருங்கள். நமக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். விடிந்து ஏழு மணிக்குள் ஒரு நடை, பொழுது சாய்ந்து தரை ஆறிய பின் ஒன்று. கழுத்துப் பட்டையில் கட்டி இழுக்காமல் மார்பைச் சுற்றி வரும் ஹார்னெஸ் போட வேண்டும். ஷிட்சுவின் கண் ஆழமில்லாத குழியில் பிதுங்கி நிற்கிறது. கழுத்து இறுகினால் அழுத்தம் அங்கே ஏறும். பிடரியைப் பிடித்துத் தூக்கிக் கண்ணே வெளியே வந்துவிட்ட நாய்களைக் கால்நடை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். 2024இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, பக் உள்ளிட்ட சில வெளிநாட்டு இனங்கள் நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராதவை என்றபோது வளர்ப்போரிடமிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. கொள்கையின் நிறைகுறை எப்படி இருந்தாலும், சப்பை மூக்குக்கும் நம் சித்திரை வெயிலுக்கும் பொருந்தாது என்பதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

முடி கொட்டாது என்ற வசனத்துக்கு வருவோம். கொட்டாத முடி வளர்ந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டு ஷிட்சுவுக்குச் சீப்பு போடுவது என் பொறுப்பு; மகள் அவளுக்குப் பிடித்த வேலைகளை எடுத்துக்கொண்டு இதை என்னிடம் விட்டாள். மேலாக வாரினால் பளபளவென்று இருக்கும், அடியில் சிக்கு இறுகிக்கொண்டிருக்கும். காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு: இந்த மூன்று இடத்திலும் விரலை விட்டுத் துழாவ வேண்டும். கொட்டைப்பாக்கு அளவில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டால் வேரில் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் தோலோடு வரும். அது திரும்பி நம் மணிக்கட்டை நக்கும். வலிக்கிறது என்பதைச் சொல்ல அதற்குத் தெரிந்த மரியாதையான வழி அது. ஒரு வாரம் விட்டால் முடிச்சுகள் சேர்ந்து சடையாகி, உள்ளே ஈரம் தங்கித் தோல் வெந்துபோகும். அப்புறம் மொட்டைதான். நீள முடியெல்லாம் கண்காட்சி நாய்க்கு. நம் ஊருக்கு உடம்பு முழுக்கக் கட்டையாக வெட்டிவிடும் ‘பப்பி கட்’ போதும், நாய்க்கும் நிம்மதி. வெட்டினாலும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி தேடும் வேலை தீராது. ‘டிக் ஃபீவர்’ என்று எல்லோரும் சொல்லும் எர்லிக்கியா, பபீசியா நோய்கள் சென்னையின் கால்நடை மருத்துவமனைகளில் தினசரி வரவு. நாய் சாப்பாட்டைத் தொடாமல் இரண்டு வேளை படுத்தே இருந்தால் மூன்றாவது வேளைக்குக் காத்திருக்கக் கூடாது.

டைல்ஸ் தரையில் வழுக்கி முழங்கால் சில்லு நழுவுவது, சின்ன வாயில் பல் நெருங்கி ஈறு கெடுவது, தீபாவளிக்குக் கட்டிலுக்கடியில் நடுங்குவது என்று பட்டியல் நீளும். நல்ல மருத்துவர் ஒருவர் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பார். 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் காலையில் போய் உட்கார்ந்து பார்த்தால், குட்டியின் விலை என்பது செலவின் முதல் தவணை மட்டுமே என்பது புரியும். பதினைந்து வருடம்கூட வாழக்கூடிய நாய் இது. யுகேஜி குழந்தைக்காக வாங்கினால், அது கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும்போது, பார்வை மங்கிய ஒரு கிழநாய் வீட்டில் இருக்கும்.

அதுவரை பொறுமை இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது காப்பகங்களுக்குத் தெரியும். சப்பை மூக்கும் நீள முடியும் கொண்ட நாய் தெருவில் தனக்கென்று ஒரு இடம் பிடித்து வாழாது. தெருநாய்களின் எல்லைச் சண்டை அதற்குத் தெரியாது, குப்பையைக் கிளறித் தின்னத் தெரியாது. வரும் போகும் மனிதர்களின் பின்னாலேயே ஓடும். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் முறை பிடிபட்டால் அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், அதிகபட்சம் ஐம்பது ரூபாய். அறுபதுகளில் அது பணம். இன்று ஒரு க்ரீம் பிஸ்கட் பாக்கெட்டுக்கும் இன்னொன்றுக்கும் சரியாக இருக்கும். அதே பிரிவு, நாயை எந்நேரமும் அடைத்தே வைத்து, நடமாட விடாமல் இருப்பதையும் வதை என்றே சொல்கிறது. நம் ஃபிளாட்டுகளில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

குடியிருப்போர் சங்கங்கள் பூட்டிய வீட்டு நாயின் அழுகைக்குத் தீர்வு என்று நாயையே தடைசெய்யப் பார்க்கின்றன. அது செல்லாது. பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்தினாலும் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது, லிஃப்ட்டில் ஏற்றக் கூடாது என்று சொல்ல முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பதினோரு மணி நேரம் அழும் நாயின் உரிமையாளரிடம் சங்கம் பேச வேண்டிய விஷயம் வேறு. பகலில் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்றவர் யாராவது நேசத்தோடு ஒரு வேளை பார்த்துக்கொள்வாரா, கட்டணத்துக்குப் பகல் காப்பகம் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரித்துக் கொடுக்கலாம். இரண்டும் இல்லாத, காலையிலிருந்து இரவு வரை பூட்டியே கிடக்கும் வீட்டுக்கு இந்த நாய் வேண்டாம் என்பதே என் கட்சி. துணைக்கு இன்னொரு ஷிட்சு வாங்கிவிடுகிறோம் என்பார்கள். அதற்கு வேண்டியது மனிதத் துணை. இரண்டு வாங்கினால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து அழும்.

வாங்கும் இடத்திலேயே கடிவாளம் போடச் சட்டம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி, இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவுசெய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. நடைமுறையில், தாய்ப்பால் மறக்காத குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்துப் பேருந்து நிலைய வாசலில் கைமாற்றுகிறார்கள். ஒரு வாரத்தில் பார்வோ வைரஸில் அது செத்தால், விற்றவரின் எண் ஸ்விட்ச் ஆஃப். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்கிறது, நல்லது. ஆனால் நாய் வாங்கியவர் வீட்டுக்குப் போன பிறகுதான் சிப் ஏறுகிறது. உரிமம் எடுக்காதவர் நாயைத் தாம்பரம் தாண்டி இறக்கிவிட்டு வந்தால் யாருக்கும் தெரியாது. இந்தப் பதிவை விற்பவரிடமே தொடங்க வேண்டும். குட்டி கைமாறும் முன்பே சிப் பொருத்தி, விற்பவர் பெயரில் முதல் பதிவும், வாங்குபவர் பெயருக்கு மாற்றும் நடக்க வேண்டும். வண்டி வாங்கினால் அப்படித்தானே செய்கிறோம்? அந்தப் படிவத்தில், பகலில் நாயைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று ஒரு கட்டம் வைத்து, அவர் கையெழுத்தையும் வாங்கச் சொல்வேன். பாட்டியிடம் முதல் தடவையாக யாராவது கேட்ட மாதிரி இருக்கும். கையெழுத்துப் போட அவர் மறுக்கவும் செய்யலாம்.